ஈற்றில் தொடங்கியது

மூன்று. இரண்டு. மூன்று.
நான் சொல்லச் சொல்ல ரிக்ஸ்ட் தட்டச்சு செய்கிறாள்.
ஜன்னலுக்கு வெளியே ஹார்லிங்கன் துறைமுகத்தில்
தீவுக்குப் போகிற படகு ஊதுகிறது.
நாற்காலியில் சாய்ந்து
வாய் பிளந்தபடி கூரையைப் பார்க்கிறார்
கடலணை மேற்பார்வையாளர் வோப்கே ஸைபெஸ்மா.

ஐந்து. ஆறு.
ஏழு.

விசைப்பலகை ஒரு கணம் நின்று
பிறகு நகர்கிறது.

பதினெட்டு வருஷமாக எனக்குத் தெரிந்த வாய்.
கீழ்க் கடைவாயில் உள்ள அடைப்பு நான் வைத்தது.
மேலே உடைந்த முனை
உறைந்த கால்வாயில் சறுக்கி விழுந்த ஜனவரியுடையது.
சொத்தை ஒன்றுகூட இல்லை.
நல்ல பல், நல்ல பல் என்று
வருஷம் இரண்டு முறை முதுகில் தட்டி அனுப்பினேன்.
பல்லைப் பார்த்தேன்.
பல் ஊன்றி நின்ற மண்ணைப் பார்க்கவில்லை.

துலக்கினால் ரத்தம் வருகிறது என்றார் ஒரு வசந்தத்தில்.
மெத்தென்ற பிரஷ் வாங்கச் சொன்னேன்.
அடுத்த முறை காரையைச் சுரண்டினேன்.
அதற்கடுத்த முறை
ஊசி போட்டு மரக்கவைத்து, வேர்வரை.
மூன்று மாதம் நன்றாக இருந்தது.
அப்புறம் அதே இடம், அதே எண்,
கூடவே ஒன்று.

வலிக்கிறதா என்பேன்.
இல்லையே என்பார்.
வலியில்லாததை இருவருமே
நல்ல சேதியாக எடுத்துக்கொண்டோம்.
மேல்சட்டைப் பையில் துருத்தி நின்ற
புகையிலைப் பொட்டலத்தை மட்டும்
நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

இன்று இரண்டு எக்ஸ்ரேக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.
நடுவே மூன்று வருஷம்.
எலும்பு இறங்கியிருக்கிறது.
இங்கே கடல் தினம் இருமுறை இறங்கும்,
சேற்றில் படகுகள் சாய்ந்து கிடக்கும்,
ஆறு மணி நேரத்தில் எல்லாம் நிமிர்ந்துவிடும்.
எலும்புக்கு அந்தப் பழக்கமில்லை.

வாய் கொப்பளித்துவிட்டு அவர் சொன்னார்:
"ரொட்டி இப்போது இடுக்கில் சிக்குகிறது, முன்பு சிக்காது.
இந்தக் கீழ்ப்பல்லை நாக்கால் தள்ளினால் அசைகிறது."
பிறகு, கேட்காமலே, தன் வேலையைப் பற்றி:
"புல் பச்சையாக இருந்தால் அணை நன்றாயிருப்பதாகப்
புதிதாய் வந்தவன் நினைப்பான்.
நாங்கள் அடிவாரத்தைப் பார்ப்போம்.
தெளிந்த நீர் கசிந்தால் குறித்துவைப்போம்.
மணலோடு வந்தால் அந்த இரவே போன்.
என் மண்வெட்டி போதுமா என்று
யாரும் நின்று பார்ப்பதில்லை."

என்னைச் சொல்லவில்லை அவர்.
ஆனாலும்
கையுறையைக் கழற்ற எனக்கு நேரமாயிற்று.

லீவார்டனில் இருக்கும் ஈறு நிபுணர்
டாக்டர் ஃபோக்யேவுக்குக் கடிதம் எழுதினேன்:
இருமுறை ஆழச் சுத்தம் செய்தும் பைகள் மூடவில்லை.
ஆறு மில்லிமீட்டருக்கு மேல் ஒன்பது இடங்கள்.
இரண்டு பற்கள் ஆடுகின்றன.
புகைப்பவர் என நினைக்கிறேன்.
'நினைக்கிறேன்' என்பதை அடித்துவிட்டுத் திரும்பி அவரிடம் கேட்டேன்.
நாளைக்குப் பன்னிரண்டு என்றார், சுவரைப் பார்த்து.
இவரை முன்பே அனுப்பியிருக்க வேண்டும் என்று
கடைசியில் ஒரு வரி எழுதினேன்.
அழித்தேன்.
திரும்ப எழுதினேன்.

"அப்படியென்றால் இனி உங்களிடம் வரக்கூடாதா?"
வாருங்கள். பல்லுக்கு நான். ஈறுக்கு அவர்.
"வாய் ஒன்றுதானே எனக்கு" என்று சிரித்தார்,
சிரிப்பைக் கையால் மூடிக்கொண்டு.
எப்போதிருந்து இப்படி மூடுகிறார்?

அவர் போன பிறகு பார்த்தால்
கோட்டு மாட்டும் கொக்கிக்குக் கீழே கிடக்கிறது பொட்டலம்.
விழுந்ததா, விட்டதா, தெரியவில்லை.
ஜன்னலுக்கு அப்பால் சைக்கிளில்
எதிர்காற்றை மிதித்துக்கொண்டு அணைப் பக்கம் போகிறார்.
கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

கூப்பிடவில்லை.